ஒரு கீறல்கூட இல்லை

துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்போது சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை பெரியவளின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"ஆளு போயிட்டாரு, வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல பாத்தியா."

சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த நேரத்தில் வாய்க்கு என்ன வருமோ அது வந்தது. வாசல் சுவரோரம் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். மழை விட்ட பிறகு இருட்டுகிற வானத்தின் நிறம், கருநீலம். குனிந்தால் முகம் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து சேர்வதற்குள் கொழுந்தன் அதிலிருந்த சேற்றையெல்லாம் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். அழுதுகொண்டேதான் துடைத்தான். அதையும் அவள் மறக்கவில்லை.

செத்துப்போனவர் அவள் புருஷன், பீரோ செய்கிற பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். தகட்டில் தன் மூக்கு நுனியில் இருக்கும் மரு தெரிகிற வரைக்கும் விடமாட்டார். அதனால் பட்டறையிலும் தெருவிலும் அவருக்குப் பாலீஷ் என்று பேர். அம்மா வைத்த பேரைச் சொல்லி யாராவது வீடு விசாரித்து வந்தால் தெருக்காரர்கள் யோசிப்பார்கள். பாலீஷ் வீடு என்றால் சின்னப் பிள்ளை கைகாட்டும்.

வண்டியை அவர் பழசாகத்தான் வாங்கினார். வாங்கிய அன்றே பிரித்துப்போட்டு, உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெறும் இரும்பாக்கினார். லீவு நாளெல்லாம் அதுதான் வேலை. ஒரு பூச்சு அடிப்பார், காயவைப்பார், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார், மறுபடியும் அடிப்பார். வீடு முழுக்கத் தின்னர் வாடை. சோற்றில்கூட அடிக்கும். "பீரோவச் சாப்பிடற மாதிரி இருக்கு" என்று மாமியார் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே மகனுக்கு இன்னொரு கரண்டி போடுவாள்.

வண்டி முடிந்து தெருவில் இறங்கிய வாரமே பிரச்சினை ஆரம்பித்தது. சீட்டின் அடியில் பிளாஸ்டிக் விளிம்பு இருக்கிறதல்லவா, அது முன்னால் பெட்ரோல் டேங்கின் பின்பக்கத்திலும் பின்னால் பக்க மூடிகள் இரண்டிலும் உட்கார்ந்திருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பு பெயிண்டை அரம்போல ராவும். முதலில் மங்கலாக ஒரு கோடு. பிறகு வெள்ளையாக. பிறகு இரும்பு பல்லைக் காட்டும். அந்த முதல் கோட்டைப் பார்த்த அன்று பாலீஷ் சாப்பிடவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது வீட்டுக்குப் பிடித்த சனி. மெழுகுவத்தியை உருக்கி டேங்க் ஓரத்தில் தடவிப் பார்த்தார். மெழுகில் தூசி ஒட்டி அதுவே உப்புத்தாள் ஆகிவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். வெயிலில் ரப்பர் இளகிக் கருப்புக் கறை பிடித்தது. பால் பாக்கெட்டைக் கத்தரித்து மடித்து வைத்தார். வண்டி போகும்போது யாரோ பொட்டலம் பிரிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஒருநாள் குக்கர் எவ்வளவு நேரமாகியும் விசில் அடிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் வளையத்தைக் காணோம்.

"ஏங்க, வளையம் எங்க?"

"பழைய வளையந்தானே."

"பழசோ புதுசோ, மூடியில இருந்துச்சுல்ல."

"இன்னிக்கு ஒருநாள் பானையில வடிச்சிரேன். வண்டிக்கு நல்லாப் பொருந்துது."

வளையமும் பொருந்தவில்லை. அவள் மழைச் செருப்பின் அடி போயிற்று. கதவுத் திரையின் கீழ்க்கரை போயிற்று. பின்னால் உட்காருவதற்கும் சட்டம் வந்தது. ஏறும்போது இழுத்துக்கொண்டு ஏறக்கூடாது. உட்கார்ந்தபின் அசையக்கூடாது. பள்ளம் வந்தால் லேசாக எழும்பிக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துப் போனவள், கடைசி வருஷங்களில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு சிலையாகப் போனாள்.

"என்ன, கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கே" என்று டீக்கடைக்காரர்கூடக் கேலி செய்தார்.

பெரியவள் வீட்டிலேயே தெருத் துணிகளை வாங்கி இஸ்திரி போடுகிறவள். ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் நாலாக மடித்த தடித்த கம்பளி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. அவளுக்கு அந்த வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த மேசைதான். ஒருநாள் துணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பெட்டியைச் சூடாக்கி ஒரு சட்டையை விரித்தாள். பெட்டி ஓடுகிறபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைத் துணியைத் தூக்கினால், கம்பளி பாதிதான் இருந்தது. மறுபாதியில் வெறும் பலகை.

சாயங்காலம் பாலீஷ் வந்ததும் கேட்டாள்.

"என் கம்பளிய வெட்டினது யாரு?"

"பாதிதானே எடுத்தேன். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. சொத்துப் பிரிச்ச மாதிரி."

"பாதி மேசையில எப்படிங்க தேய்க்கிறது? பலகைக் கோடு அப்படியே சட்டையில விழுது."

"வந்து பாரேன் ஒரு நிமிஷம். என்னமா உக்காந்திருக்கு தெரியுமா."

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சீட்டைத் தூக்கினார். அடியில் சுற்றிலும் அவள் கம்பளி, இரண்டு மடிப்பாக, ஊசி நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டுக் கருகிய இடம் தெரிந்தது. சீட்டைத் திரும்ப வைத்தார். அவள் விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். சீட்டு கையோடு வந்தது.

"இது பூட்டலயே."

"கம்பளி கொஞ்சம் தடிமன். அதான் கொக்கி போய்ச் சேரல. போகப் போக அமுங்கிரும்."

"அதுவரைக்கும்?"

"நான் உக்காந்தா அதுதான் பூட்டு. எழுபது கிலோ பூட்டு எந்தக் கடையில கிடைக்கும், சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகும் விடாமல் சொன்னாள். சோறு போடும்போது சொன்னாள், சட்டை மாட்டும்போது சொன்னாள். "நீ துணியத் தேய், வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பளி அமுங்கவில்லை. நல்ல கம்பளி, அவள் பார்த்துப் பார்த்து வாங்கியது. ஒரு தூறல் காலையில் பட்டறைக்குப் போகும் வழியில், சிறுபாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில், குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக் பிடித்தார். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. பாலத்துச் சுவரின் முனை நெஞ்சில் இறங்கிவிட்டது. வண்டி மட்டும் ஓரத்துச் சேற்றுப் புல்லில் போய், தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டது.

வளைவுக்கு எதிரில்தான் டீக்கடை. கழன்று கிடந்த சீட்டை இடுக்கிக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் அந்த டீக்கடைக்காரர். காரியமெல்லாம் முடிந்து துணி கொடுக்கப் போனபோது பெரியவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல சீட்டு நழுவுச்சும்மா. சீட்டோடதான் ஆளும் போனாரு. என் கண்ணால பாத்தேன்."

அவள் வந்து வீட்டில் சொன்னாள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கொழுந்தன்தான் பதில் சொன்னான்.

"விழுந்தா எல்லாந்தான் கழண்டு வரும், அண்ணி. அந்த ஆளு டீய ஆத்துவானா, ரோட்டப் பாப்பானா."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சைக்கிள்காரனைத் திட்டினார்கள். மழையைத் திட்டினார்கள். ரோடு போட்டவனைத் திட்டினார்கள். பாலீஷை மட்டும் யாரும் திட்டவில்லை. அவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் தீயாய்க் கனன்றுகொண்டிருக்க, வீடே அவரைத் தெய்வமாக்கிக் கொண்டிருந்தது. சீட்டைக் கொழுந்தன் பழையபடி கம்பளியோடு வண்டியில் பொருத்தி, மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி, நடையில் நிறுத்திவிட்டான். மாமியார் போகும்போதும் வரும்போதும் அதை ஒருதரம் தடவிக்கொள்வாள். நடை குறுகல். துணி மூட்டையோடு போகிறவள் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். மூட்டை உரசினால் மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்.

"பாத்துப் போ, பெரியவளே. பெயிண்ட் போயிரப் போவுது."

வெயில் காலம் போய் மறுபடியும் மேகம் கட்டத் தொடங்கியது. கொழுந்தன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். சின்னவள் என்று வீட்டில் கூப்பிடுவார்கள். வாயாடி, மூச்சு வாங்கிக்கொண்டாவது பேசுவாள். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும், பஸ்ஸில் நிற்க முடியவில்லை. ஒரு காலையில் கொழுந்தன் நடையிலிருந்த விரிப்பை எடுத்தான். இவனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை. இத்தனை நாள் கம்பெனி வேனில் போய் வந்தவன். வண்டியைத் துடைத்தான், காற்றுப் பார்த்தான். மாமியார் வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் புள்ளையே வந்து நிக்கற மாதிரி இருக்கு."

பெரியவள் இஸ்திரிப் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"தம்பி, இதுலயா கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமா அண்ணி. மெதுவாத்தான் போவேன்."

"அந்தக் கம்பளிய எடுத்துட்டுப் போங்க."

"எந்தக் கம்பளி?" என்று தெரியாதவன்போலக் கேட்டான்.

அவள் வந்து சீட்டின் ஓரத்தை ஒரு கையால் தூக்கினாள். பாத்திர மூடியைத் தூக்குகிற மாதிரி வந்தது.

"பூட்டாத சீட்டு. இதுல நிறைமாசக்காரிய ஏத்துவீங்களா?"

கொழுந்தன் சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, மெதுவாக, ஓரம் டேங்கில் படாமல் வைத்தான்.

"அது அப்படித்தான் அண்ணி. அண்ணன் அப்படித்தான் ஓட்டுச்சு."

"அப்படித்தான் ஓட்டினாரு. அப்படித்தான் விழுந்தாரு."

மாமியார் எழுந்தாள்.

"என்ன சொன்ன?"

"உள்ளதத்தான் அத்தை சொன்னேன். மொதல் நாள்லேருந்து சொல்றேன்."

"செத்தவன் மேலயே குத்தம் சொல்றியா? அவன் கை பட்ட பொருளு அது. அவன் தைச்ச தையலு."

"அவரு தைச்ச தையல்தான். என் மேசையில வெட்டித் தைச்சது. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு உசுரு அதுல ஏறக்கூடாது."

"வாய்க்கு வந்தபடி பேசாத. அபசகுனமா, புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு."

"அபசகுனமா? சீட்டு கழண்டு வருது, அது அபசகுனம் இல்ல. சொன்னா அபசகுனம்."

சின்னவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, அக்காதான் சொல்றாங்கல்ல, எடுத்துட்டுத்தான் வாங்களேன். என்ன இப்ப?"

"பெயிண்ட் தேயும்டி. அண்ணன் எவ்வளவு கஷ்டப்பட்டு..."

"பெயிண்ட்டுத் தேஞ்சா தேயுது. நான் விழுந்தா மறுபடி ஒட்டுவீங்களா?"

அன்றைக்கு அவள் அடம்பிடித்து ஆட்டோவில் போனாள். கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடப் போனான். மாமியார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லோரும் போனபின் பெரியவள் சீட்டைத் தூக்கி, பிளேடால் தையலைப் பிரித்து, கம்பளியை உருவி எடுத்தாள். சீட்டை வைத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானே. இந்த ஒரு சத்தத்துக்குத்தானே அந்த மனுஷன் வழிவிடவில்லை.

கம்பளியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் காலையில் கொடியில் அது இல்லை.

நடைக்குப் போனாள். சீட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். கையோடு வந்தது. அடியில் கம்பளி, காய்ந்ததும் காயாததுமாக, இந்தத் தடவை தையல் இல்லை, கருப்பு எலக்ட்ரிக் டேப். ஒழுங்காக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தான். அண்ணனுக்குத் தம்பி தப்பாமல் பிறந்திருந்தான்.

அவன் குளித்துவிட்டு வந்தான். "அண்ணி, நீங்க எடுத்துட்டீங்க, நான் வச்சுட்டேன். இத இதோட விட்டுருவோம். அம்மா ராத்திரி முழுக்க அழுதுச்சு."

"சின்னவளுக்குத் தெரியுமா?"

"பூட்டியாச்சுன்னு சொல்லிருக்கேன். கயிறு போட்டுக் கட்டிக்கறேன் அண்ணி, போதுமா? நேத்து எடுத்த ஸ்கேனப் பாக்க இன்னிக்கு டாக்டரு எட்டு மணிக்கே வரச் சொல்லிருக்கு."

"பொண்டாட்டிகிட்டயே பொய் சொல்லிருக்கீங்க."

"உங்களுக்கு என்னதான் அண்ணி வேணும்? அண்ணன் ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான். அதயும் எல்லாரும் உக்காந்து தேச்சு அழிச்சிரணுமா?"

இனி இவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு வைப்பான். அவள் துணி வாங்கத் தெருவுக்குப் போகும் நேரம் போதும் அவனுக்கு. காப்பாற்ற அந்தப் பளபளப்பு இருக்கிற வரைக்கும் கம்பளி இருக்கும். கம்பளி இருக்கிற வரைக்கும் சீட்டு பூட்டாது.

அவள் உள்ளே போனாள். பாலீஷின் பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. பிரஷ், துணிச் சுருள், காய்ந்த டப்பா, அடியில் உப்புத்தாள் கட்டு. மெல்லியது, நடுத்தரம், எல்லாவற்றுக்கும் கீழே பழைய பெயிண்டை உரிக்கிற முரட்டுத் தாள். அதை எடுத்தாள். கொழுந்தன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் நடைக்கு வந்து, சீட்டைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு, டேங்கில் முதல் இழுப்பு இழுத்தாள்.

இஸ்திரிக்காரியின் கை அது. ஆயுள் முழுக்க இரும்பை அழுத்தி ஓட்டிய கை. நீலம் பொடியாக உதிர்ந்தது. அடியிலிருந்து வெள்ளை வந்தது, அதற்கும் அடியில் பழுப்பு, பிறகு இரும்பு. தோளின் பலமெல்லாம் கொடுத்துத் தேய்த்தாள், காலர் மடிப்பைத் தேய்க்கிற மாதிரி ஓரமெல்லாம் விடாமல் தேய்த்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான்.

"அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா?"

"கைய விடு."

அவனை அவள் அதுவரை நீ என்று சொன்னதில்லை. அவன் கை தானாக விட்டது.

"எதடா காப்பாத்தற? சொல்லு. அந்த மனுஷன் நெஞ்சுக்கு ஒரு கம்பளி வச்சாரா? டேங்குக்கு வச்சாரு. எனக்குன்னு ஒரு மேசை, அதுல பாதிய வெட்டினாரு. அசையாம உக்காருன்னாரு, உக்காந்தேன். எழும்பி உக்காருன்னாரு, எழும்பினேன். இந்த நீலத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் பாத்தோம், ஒண்ணும் ஆகல. ஒரு கீறல்கூட இல்ல. அவருதான் இல்ல."

மறுபடியும் தேய்த்தாள். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பக்க மூடி இரண்டையும் தேய்த்து முடித்தபோது பெரியவளின் கையெல்லாம் நீலம். புறங்கையால் முகத்தைத் துடைத்ததில் நெற்றியிலும் நீலம்.

கீழே கிடந்த சீட்டைத் திருப்பி டேப்பைக் கிழித்தாள். கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். சீட்டை அதன் இடத்தில் வைத்து இரண்டு கையாலும் ஓங்கி அழுத்தினாள்.

டக்.

"இப்ப கூட்டிட்டுப் போ" என்றாள்.

கொழுந்தன் நகரவில்லை. சின்னவள்தான் முன்னால் வந்தாள். சீட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேத்தே பூட்டிட்டேன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை வெளியே தள்ளினான். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். சொறி பிடித்த நாயைப் போல இருந்தது வண்டி. சின்னவள் ஏறி உட்கார்ந்து, சௌகரியமாக அப்படியும் இப்படியும் அசைந்து, நன்றாக இழுத்துப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"போங்க" என்றாள்.

அன்றைக்கு முழுவதும் மாமியார் பெரியவளோடு பேசவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பெரியவளும் கெஞ்சவில்லை. கம்பளியை மேசையில் போட்டு, பழைய பாதியோடு சேர்த்துப் பார்த்தாள். வெட்டிய இடம் முழுசாகப் பொருந்தவில்லை. வளைவு வளைவாக வெட்டியிருந்தார். இடைவெளியில் கிழிசல் துணியை அடைத்து, மேலே வெள்ளைத் துணியை விரித்து, சேர்ந்துபோயிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வீட்டில் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் தூறல். பெரியவள் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசல் பக்கம் வந்தாள். நடையில் மாமியார் நின்றிருந்தாள். விரிப்பு இல்லை. டேங்கின் இரும்பில் ஈரக் காற்றுக்கு அதற்குள் லேசாகத் துரு பூத்திருந்தது. மாமியார் அதைத் தடவவில்லை. சீட்டின் அடியில் இருந்த சாவித் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எப்படித் தொறக்கறது?"

பெரியவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினாள். சீட்டு விட்டுக்கொடுத்தது. மாமியார் அதைத் தூக்கி, உள்ளே குனிந்து பார்த்தாள். கொக்கியை விரலால் தொட்டாள். பிறகு சீட்டை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். டக். இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம் திறக்கச் சொன்னாள். இன்னொரு தரம் அழுத்தினாள். டக்.

சீட்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்.

"அன்னிக்குக் காலையில இந்தச் சத்தம் வந்துச்சா?"

"வரல அத்தை."

"நீ சொன்னியா அவன்கிட்ட?"

"தினமும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"நான் உக்காந்தா அதுதான் பூட்டுன்னாரு."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாமியார் கையை ஓங்கி டேங்கில் ஒரு அறை விட்டாள். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையின் முதுகில் விடுகிற அறை. வெறும் இரும்பு திம்மென்று அதிர்ந்தது. உள்ளே சின்னவள் எழுந்து "என்ன அத்தை?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் மாமியார். சிவந்த கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டாள். பிறகு பெரியவளைப் பார்க்காமல், "தண்ணி கொதிக்குது, போய்ப் பாரு. எனக்கும் சேத்துப் போடு" என்றாள்.